டோரு, டாவ், பைராடா, அலென்டேஜு: போர்ச்சுக்கல் சிவப்பு ஒயினில் முதல் பாட்டில் எது?

போர்ச்சுக்கலுக்குச் சுற்றுலா கிளம்பும் நண்பர்களும், ஏதோ ஒரு ஊரில் ஒயின் கடை அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு போன் செய்பவர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "நாலைந்து பகுதிகளின் பெயர் போட்டிருக்கிறது. திராட்சைப் பெயர் ஒன்றுகூட கேள்விப்பட்டதாக இல்லை. எதை எடுக்கட்டும்?"

குழம்புவது நியாயம்தான். கபெர்னே, மெர்லோ என்று திராட்சையின் பெயரைப் பார்த்து வாங்கிப் பழகியவர்களுக்கு இந்த நாடு பிடி கொடுக்காது. போர்ச்சுக்கலுக்கு 250க்கு மேற்பட்ட சொந்தத் திராட்சை வகைகள் உண்டு. பெரும்பாலான சிவப்பு ஒயின்களில் மூன்று நான்கு வகைகள் கலந்திருக்கும். போதாததற்கு, ஒரே திராட்சைக்கு வடக்கே டின்டா ரோரிஸ் என்று பெயர், தெற்கே அரகோனெஸ், எல்லை தாண்டி ஸ்பெயினுக்குப் போனால் டெம்ப்ரனியோ. ஆகவே திராட்சையை விட்டுவிட்டு, எந்த மண்ணில் விளைந்தது என்று பார்த்து வாங்குவதே சுலபம். அப்படிப் பார்த்தால் புதிதாகத் தொடங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதிகள் நான்கு. வடக்கே டோரு, அதற்குத் தெற்கே மலைகளுக்கு நடுவில் டாவ், கடலோரம் பைராடா, தெற்குச் சமவெளியில் அலென்டேஜு.

போர்ட் ஒயினை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அது நொதித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயம் ஊற்றி, இனிப்பு தீராமல் நிறுத்திவைத்த பானம். ஆல்கஹால் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். இங்கே பேசுவது சாப்பாட்டோடு குடிக்கும் இனிப்பில்லாத சிவப்பு ஒயினைப் பற்றி. லேபிளில் 'டின்டோ' என்று போட்டிருக்கும்.

எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் துவர்ப்பு. ஒயின் நூல்கள் டானின் என்று பக்கம் பக்கமாக விளக்குகிற விஷயம் இதுதான். நமக்கு இது அறுசுவையில் ஒன்று, விளக்கமே வேண்டாம். நாவல் பழம் தின்றபின் நாக்கைப் பிடித்து இழுக்குமே, வாழைப்பூவைச் சரியாக வேகவைக்காவிட்டால் கன்னத்தின் உள்பக்கம் வறளுமே, அதுதான். திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும், சில சமயம் ஓக் மரப் பீப்பாயிலிருந்தும் அது ஒயினுக்குள் இறங்குகிறது. துவர்ப்பைச் சுவைக்கும்போது ஈறையும் கன்னத்தையும் கவனியுங்கள். பட்டுத்துணி தடவியதுபோல் இருக்கிறதா, உப்புத்தாள் தேய்த்ததுபோல் இருக்கிறதா என்பதில்தான் ஒரு ஒயினின் தரம் பாதி தெரிந்துவிடும்.

இரண்டாவது புளிப்பு. விழுங்கியபின் தாடையின் இரு ஓரத்திலும் எச்சில் ஊறும். எவ்வளவு நேரம் ஊறுகிறது என்று பாருங்கள். புளிப்பு குறைந்த ஒயின் முதல் வாய்க்கு இதமாக இருக்கும், மூன்றாவது வாய்க்குச் சலித்துவிடும்.

மூன்றாவது கனமும் சூடும். நீர்மோருக்கும் பாலுக்கும் வாயில் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொண்டால் கனம் புரியும். விழுங்கியபின் தொண்டையில் எழும் சூடு ஆல்கஹாலின் வேலை.

மிச்சம் மூன்றும் நாக்கோடு சம்பந்தப்பட்டவை அல்ல, ஆனால் முடிவை மாற்றிவிடும். எந்தச் சாப்பாட்டோடு சேரும்? வாங்கிய அன்றே திறக்கலாமா, காத்திருக்க வேண்டுமா? விலைச்சீட்டில் இல்லாத செலவு என்ன?

ருசிக்கும் முறையும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட முடியும். சிவப்பு ஒயினை அறையின் சூட்டில் பரிமாற வேண்டும் என்பது பழைய ஐரோப்பிய வீடுகளின் அறையை வைத்துச் சொன்னது. 16 முதல் 18 டிகிரிதான் இலக்கு. நம் ஊர் வெயிலானாலும் சரி, அலென்டேஜுவின் எவோரா நகரத்து ஆகஸ்டானாலும் சரி, திறப்பதற்கு முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். சூடான சிவப்பு ஒயினில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். லிஸ்பனில் ஒரு உணவகத்தில் அடுப்பங்கரை ஓரம் வைத்திருந்த ஒரு நல்ல பாட்டிலை அப்படியே கொண்டுவந்து ஊற்றினார்கள். ஐஸ் வாளி கேட்டு வாங்கி, கால் மணி நேரம் கழித்துக் குடித்தபோது அது வேறு ஒயினாக இருந்தது.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு போதும். சுழற்றுங்கள், முகருங்கள், சின்ன வாய் எடுத்து நாக்கு முழுக்கப் பரப்புங்கள். நனைந்த அட்டைப்பெட்டி, ஈரத்தில் கிடந்த பழைய செய்தித்தாள் வாசனை வந்தால் அது அந்தப் பகுதியின் குணம் இல்லை. தக்கையால் கெட்டுப்போன பாட்டில். உலகத்தின் தக்கையில் பாதியளவு போர்ச்சுக்கலில்தான் விளைகிறது, ஆகவே மலிவான பாட்டிலுக்கும் அங்கே நிஜத் தக்கை போடுகிறார்கள். இந்த வாசனை வந்தால் தயங்காமல் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

| | டோரு | டாவ் | பைராடா | அலென்டேஜு |
|---|---|---|---|---|
| துவர்ப்பு | அதிகம், அடர்த்தி | நடுத்தரம், மென்மை | மிக அதிகம் | குறைவு முதல் நடுத்தரம் |
| புளிப்பு | நடுத்தரம் | நல்ல புளிப்பு | கூர்மை | குறைவு |
| கனம் | அதிகம் | நடுத்தரம் | மெலிவு முதல் நடுத்தரம் | அதிகம் |
| ஆல்கஹால், பொதுவாக | 14 சதவீதத்தை ஒட்டி | 13 முதல் 13.5 | 12.5 முதல் 13.5 | 14 முதல் 15 |
| உடனே குடிக்கலாமா | காற்றாட விட்டு | ஆம் | பெரும்பாலும் இல்லை | ஆம் |
| உடன் வைக்க | சுட்ட ஆட்டுக்கறி | செம்மறிப் பால் சீஸ், கன்றுக்கறி | பன்றிக்குட்டி வறுவல் | கரும்பன்றி, ஆட்டுக் குழம்பு |

டோரு

பெரும்பாலோர் முதலில் கைவைப்பது இதில்தான், காரணம் பெயர். 1756இல் போர்ச்சுக்கல் அரசின் முதன்மை அமைச்சரான பொம்பால் பிரபு இந்தப் பள்ளத்தாக்கின் எல்லையைச் சட்டப்படி வரையறுத்து, கருங்கல் எல்லைக்கல் நட்டுவைத்தார். உலகத்தில் இப்படி எல்லை குறித்து ஒழுங்குபடுத்தப்பட்ட மிகப் பழைய ஒயின் பகுதிகளில் இது ஒன்று. அந்தச் சட்டமெல்லாம் போர்ட்டுக்காக. இனிப்பில்லாத டோரு சிவப்பு ஒயினுக்குத் தனி அங்கீகாரம் வந்தது 1982இல்தான். போர்ட் செய்யத் தெரிவுசெய்தது போக மிஞ்சிய திராட்சையில்தான் அதுவரை வீட்டு ஒயின் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த வழக்கத்தை முதலில் உடைத்தவர் ஃபெர்னாண்டோ நிகோலாவ் டி அல்மெய்டா. 1952இல் அவர் செய்த பார்கா வெல்யாதான் டோருவின் முதல் பெரிய சிவப்பு ஒயின். ஸ்பெயின் எல்லைக்கு அருகே, மின்சாரம் எட்டாத ஒரு தோட்டத்தில், நொதிக்கும் ஒயின் கொதித்துக் கெடாமலிருக்க போர்ட்டோ பக்கத்திலிருந்து லாரியில் ஐஸ்கட்டி கொண்டுவந்து குளிரவைத்தார். இன்றுவரை அந்தப் பெயரில் வெளிவந்த ஆண்டுகள் இருபது சொச்சம்தான். பாட்டிலில் பல வருடம் வைத்துப் பார்த்து, தேறாத ஆண்டை வேறு பெயரில் விற்றுவிடுகிறார்கள். அந்தப் பொறுமை எனக்குப் பெரிய மரியாதையைத் தருகிறது.

மராவ் மலை கடல் மழையைத் தடுத்துவிடுவதால் உள்ளே போகப்போக வறட்சி. ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள்; அவர்கள் மொழியில் இரண்டு சொல்லும் எதுகையாக விழும். அடுக்கடுக்காகப் பிளக்கும் சிஸ்ட் பாறையில் கொடியின் வேர் விரிசல் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, கல் அடுக்கிக் கட்டிய தோட்டங்கள். இந்த நிலப்பரப்புக்காகவே 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பழைய தோட்டங்களில் இருபது, முப்பது வகைக் கொடிகள் கலந்தே நட்டிருப்பார்கள்; எல்லாவற்றையும் ஒன்றாகப் பறித்து ஒன்றாக மிதிப்பார்கள். லேபிளில் 'வின்யாஸ் வெல்யாஸ்' என்று இருந்தால் பழைய கொடிகள் என்று பொருள்.

சுவை? கறுத்த பழம், காய்ந்த மூலிகை, வயலட் பூ, கனமான துவர்ப்பு. டூரிகா நாசியோனல் என்ற திராட்சை மணத்தையும் முதுகெலும்பையும் தருகிறது, டூரிகா ஃபிராங்கா சதை தருகிறது. பீப்பாய் என்று நாம் சொல்கிற சொல்லே போர்ச்சுக்கீசியரின் பீப்பாதான். டோருவில் இன்றும் ஒயினை அந்தக் கணக்கில் எண்ணுகிறார்கள். ஒரு பீப்பா 550 லிட்டர்.

மறைந்த செலவுகள் இதில்தான் அதிகம். பகுதியின் பெயருக்கும் கனத்த பாட்டிலுக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறோம். செங்குத்துச் சரிவில் இயந்திரம் ஏறாது, கையால்தான் பறிக்க வேண்டும்; அந்தக் கூலியும் விலையில் இருக்கிறது, அது நியாயமான செலவு. ஆனால் புது ஓக் வாசனை தூக்கலாக, சாக்லேட்டும் வறுத்த காப்பியுமாக மணக்கும் பாட்டில்களும் நிறைய உண்டு. அவற்றில் டோருவைத் தேடினாலும் கிடைக்காது. 'ரிசர்வா' என்ற சொல்லை மட்டும் நம்பிக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். சட்டப்படி அது முக்கியமாகக் கேட்பது குறைந்தபட்ச ஆல்கஹாலைவிட அரை சதவீதம் கூடுதல். 'கராஃபெய்ரா' என்று இருந்தால் விஷயம் வேறு. சிவப்பு ஒயின் 30 மாதமாவது வைத்திருக்கப்பட்டு, அதில் 12 மாதமாவது பாட்டிலில் இருந்திருக்க வேண்டும்.

நேரில் போவதானால் போர்ட்டோவிலிருந்து பின்யாவ் வரை ஆற்றோரமாகவே போகும் ரயிலில் போங்கள். இரண்டரை மணி நேரம். கார் எடுத்தால் அத்தனையும் வளைவுச் சாலை. வண்டி ஓட்டுபவருக்கு லிட்டர் ரத்தத்தில் அரை கிராம் ஆல்கஹால்தான் வரம்பு, புது ஓட்டுநருக்கு 0.2. ஓட்டுபவர் ஒவ்வொரு வாயையும் துப்ப வேண்டும். துப்புவதற்கென்றே ஒவ்வொரு தோட்டத்திலும் வாளி வைத்திருப்பார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எப்போது இது சரி: பெரிய கறி விருந்து, ஒருவருக்குப் பரிசு, பத்து வருடம் அலமாரியில் வைக்க ஆசை. மூன்று வருடத்துக்கும் இளைய பாட்டிலானால் ஒரு மணி நேரம் குடுவையில் ஊற்றிக் காற்றாட விடுங்கள்.

டாவ்

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பாட்டில்தான் வாங்குவீர்கள் என்றால் டாவ் வாங்குங்கள்.

சுற்றிலும் மலை. கிழக்கே செர்ரா டா எஸ்ட்ரெலா, மேற்கே கராமுலோ, தெற்கே புசாக்கோ. கடல் ஈரமும் வராது, உள்நாட்டு அனலும் வராது. நடுவே கருங்கல் பொடிந்த மணல் மண், பைன் காடுகளுக்கு இடையில் சின்னச் சின்னத் தோட்டங்கள். பெரும்பாலும் 400, 500 மீட்டர் உயரம். பகலில் பழுத்து இரவில் குளிர்வதால் திராட்சையில் புளிப்பு தங்குகிறது. டோருவின் புகழுக்குக் காரணமான டூரிகா நாசியோனலுக்குப் பிறந்த வீடு இதுதான் என்று டாவ்காரர்கள் உறுதியாகச் சொல்வார்கள். டோரிகோ என்றே ஒரு ஊர் அங்கே இருக்கிறது. அதே திராட்சை இங்கே மெலிந்து, மணம் கூடி, எர்ல் கிரே தேநீரில் வருமே அந்த வாசனையோடு வருகிறது. அல்ஃப்ரோஷைரு என்ற திராட்சை நல்ல நிறமும் ஸ்ட்ராபெரி மணமும் தரும். ஜாயென், ஸ்பெயினில் மென்சியா என்று அறியப்படுவது, வாயை மென்மையாக்கும்.

இவ்வளவு நல்ல மண்ணுக்கு ஏன் டோரு அளவுக்குப் பெயர் இல்லை? இதற்கு ஒரு வரலாறு உண்டு, எனக்கு அது இன்றும் வருத்தம் தருவது. 1908லேயே எல்லை வரையறுக்கப்பட்ட பகுதி இது. ஆனால் சர்வாதிகாரி சலாசார் ஆட்சியில், 1940களில் தொடங்கி, விவசாயிகளிடம் திராட்சை வாங்கும் உரிமையைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கே கொடுத்தார்கள். வெளி நிறுவனங்கள் திராட்சை வாங்க முடியாது, சங்கம் செய்து வைத்த ஒயினைத்தான் வாங்க முடியும். நல்ல பழத்துக்கும் சுமாரான பழத்துக்கும் ஒரே தொட்டி. போட்டி இல்லை, சுத்தமும் போதவில்லை. பழமணம் போய், துவர்ப்பு மட்டும் மிஞ்சிய ஒயின் நாற்பது வருடம் டாவ் என்ற பெயரில் விற்றது. 1986இல் போர்ச்சுக்கல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தபின்தான் அந்த ஏகபோகம் உடைந்தது. அதன்பிறகு குடும்பத் தோட்டங்கள் தங்கள் பழத்தைத் தாங்களே ஒயினாக்கத் தொடங்கின. தரம் ஏறிவிட்டது, பெயர் இன்னும் முழுதாக ஏறவில்லை. அந்த இடைவெளிதான் வாங்குபவருக்கு லாபம். பத்து யூரோவை ஒட்டி போர்ச்சுக்கல் கடையில் எடுக்கும் டாவ், அதே விலை டோருவைவிடப் பெரும்பாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

ருசிக்கக் கற்றுக்கொள்பவருக்கும் இது நல்ல ஆசிரியர். துவர்ப்பு, புளிப்பு, மணம் மூன்றும் தனித்தனியாகத் தெரியும், ஒன்று இன்னொன்றை அமுக்காது. மசாலா போட்ட சாப்பாட்டுக்கும் நான்கில் இதுவே எடுபடும். மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் சூட்டையும் துவர்ப்பையும் தூக்கிக் காட்டும் என்பதால், இரண்டும் அளவாக உள்ள ஒயின்தான் காரத்துக்குப் பக்கத்தில் நிற்கும். வீட்டில் மிளகு தூக்கலாகப் போட்ட ஆட்டுக்கறி வறுவலோடு பலமுறை வைத்துப் பார்த்துவிட்டேன். அந்த ஊர் முறைப்படி என்றால் எஸ்ட்ரெலா மலையின் செம்மறிப் பால் சீஸ். பாலைத் திரிக்க ஒருவகை முட்செடியின் பூவைத்தான் போடுவார்கள். மேல்தோலை வெட்டினால் உள்ளே கரண்டியால் எடுக்கும் பதத்தில் இருக்கும்.

மறைந்த செலவு: தேடும் நேரம். நல்ல டாவ் செய்பவர்களில் பலர் சிறிய தோட்டக்காரர்கள். வெளிநாட்டுக் கடைகளில் வகை குறைவு. பெரிய நிறுவனப் பாட்டில் ஒன்றிரண்டுதான் இருக்கும். நேரில் போவதும் லேசில்லை. பகுதியின் தலைநகரான விசேயுவுக்கு ரயில் கிடையாது. பஸ் அல்லது கார்தான். அப்புறம், கனமான ஒயினுக்குப் பழகிய நாக்குக்கு முதல் கோப்பை 'தண்ணியாக இருக்கிறதே' என்று படலாம். இரண்டாவது கோப்பை வரை பொறுங்கள்.

எப்போது இது சரி இல்லை: விருந்தாளிக்கு முதல் வாயிலேயே அசத்த வேண்டும் என்றால் டாவ் அதைச் செய்யாது.

பைராடா

களிமண்ணுக்கு போர்ச்சுக்கீசிய மொழியில் பாரு. அதிலிருந்து பைராடா என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். சுண்ணாம்பு கலந்த களிமண், பக்கத்திலேயே அட்லாண்டிக். இங்கே ராஜா ஒரே திராட்சை: பாகா. சின்னப் பழம், தடித்த தோல், தாமதமாகப் பழுக்கும். செப்டம்பர் நடுவில் மழை வந்தால் கொடியிலேயே அழுகும். மழைக்குப் பயந்து முன்கூட்டியே பறித்தால் துவர்ப்பும் புளிப்பும் வாயைக் கிழிக்கும். விவசாயிக்கு ஒவ்வொரு வருடமும் வானத்தைப் பார்த்துக்கொண்டே எடுக்க வேண்டிய முடிவு அது.

இந்தப் பகுதியும் அரசாங்கத்திடம் அடி வாங்கியதுதான். டோருவுக்கு எல்லை போட்ட அதே பொம்பால், போர்ட்டில் கலப்படம் செய்ய இங்கிருந்து ஒயின் போகிறது என்று பைராடாவின் கொடிகளைப் பிடுங்கச் சொன்னார். மறுபடி தழைத்து, தன் பெயரில் அங்கீகாரம் வாங்க 1979 வரை ஆயிற்று. பாகாவின் மரியாதையை மீட்டதில் லூயிஸ் பாட்டோவுக்குப் பெரிய பங்கு உண்டு. காய் பிடிக்கும் பருவத்தில் குலைகளில் ஒரு பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சியவற்றை நன்றாகப் பழுக்கவிடுவது, காம்பை நீக்கிவிட்டு நொதிக்கவைப்பது என்று துவர்ப்பை நயமாக்கினார். அவர் மகள் ஃபிலிப்பா பாட்டோ உட்பட அடுத்த தலைமுறை இன்னும் மென்மையான பாகா செய்கிறது.

நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு வருடமே ஆன பாகாவை, பேசிக்கொண்டே குடிக்கலாம் என்று மாலை நேரத்தில் நண்பர்களுக்குத் திறந்தேன். சாப்பாடு எதுவும் இல்லை. ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். சில மாதம் கழித்து மெயாலாடா ஊரில் பன்றிக்குட்டி வறுவல் தட்டுக்குப் பக்கத்தில் கிட்டத்தட்ட அதே வயது பாகாவைக் குடித்தேன். மிளகும் பூண்டும் உப்பும் உள்ளே தடவி, விறகு அடுப்பில் சுழற்றிச் சுட்டு, தோல் அப்பளமாக நொறுங்கும் கறி அது. துவர்ப்பு கொழுப்பைப் பிடித்துக்கொண்டது, புளிப்பு வாயைக் கழுவியது, அடுத்த துண்டுக்குக் கை தானாகப் போயிற்று. துவர்ப்பு எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டுவதால்தான் வாய் வறள்கிறது. கறியின் புரதமும் கொழுப்பும் குறுக்கே வந்தால் அந்த வறட்சி அடங்கிவிடும். படித்துத் தெரிந்திருந்த விஷயம் அன்றைக்கு நாக்கில் தெரிந்தது.

வயதான பாகா அபூர்வமான பொருள். 15, 20 வருடத்தில் செர்ரிப் புளிப்பு உள்வாங்கி, காய்ந்த இலை, புகையிலை, பைன் பிசின் என்று மணம் மாறுகிறது. பழைய பாட்டிலைக் குடிப்பதற்கு முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள். அடியில் வண்டல் இருக்கும்.

மறைந்த செலவு காத்திருப்பதுதான். பாட்டில் விலை குறைவாக இருக்கலாம், ஆனால் குளிர்ந்த இருட்டிடத்தில் பத்து வருடம் வைக்க உங்களிடம் வசதி இருக்கிறதா? இல்லையென்றால் பழைய ஆண்டுப் பாட்டிலைத் தேடி வாங்க வேண்டும். நல்ல செய்தி, வயதான பைராடா மற்ற நாட்டு முதிர்ந்த ஒயின்களின் விலைக்கு இன்னும் போய்விடவில்லை. பன்றிக்கறி சாப்பிடாதவர்களுக்கு, கறுப்பு மண்சட்டியில் சிவப்பு ஒயின் ஊற்றி மணிக்கணக்கில் வேகவைக்கும் ஆட்டுக்கறியான ஷன்ஃபானா இதே பக்கத்து உணவுதான். லிஸ்பன்–போர்ட்டோ ரயில் பாதையிலேயே மெயாலாடாவும் கூரியாவும் இருப்பதால், நான்கில் கார் இல்லாமல் சுலபமாகப் போய் வரக்கூடிய பகுதியும் இதுவே.

எப்போது இது சரி: கொழுப்புள்ள கறி மேசையில் இருக்கும்போது. கட்டஞ்சாயா, நெல்லிக்காய், பாக்கு இதெல்லாம் பிடித்த நாக்கு உங்களுடையது என்றால், முதல் பாட்டிலாகவே இதை எடுக்கலாம்.

அலென்டேஜு

தேஜு ஆற்றுக்கு அப்பால் என்பதே பெயரின் பொருள். நாட்டின் மூன்றில் ஒரு பங்கு பரப்பு. கோதுமை வயல், ஆலிவ் மரம், ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை பட்டை உரிக்கும் தக்கை மரங்கள். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். திராட்சை நன்றாகப் பழுக்கும், அதனால் துவர்ப்பு உருண்டையாகவும் புளிப்பு தணிந்தும் வருகிறது. போர்ச்சுக்கல்காரர்கள் உணவகத்தில் யோசிக்காமல் சொல்லும் ஒயின் பெரும்பாலும் இதுதான். சூப்பர் மார்க்கெட்டில் நான்கைந்து யூரோவுக்கு ஏமாற்றாத பாட்டில் கிடைக்கும்.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய திராட்சை அலிகான்டே பூஷே. பிரான்சில் இரண்டு திராட்சை வகைகளை இனம் கலந்து உருவாக்கியது. சொந்த ஊரில் யாரும் மதிக்கவில்லை, அலென்டேஜு வெயிலில் பெருமை பெற்றது. பெரும்பாலான கருந்திராட்சைக்கு உள்ளே சதை வெளுப்பு. இதற்குச் சதையும் சிவப்பு. கோப்பையில் மை போல இருக்கும். மௌஷாவ் தோட்டத்து ஒயின்கள் இதற்கு நல்ல சான்று.

இன்னொன்று தால்யா. ஆள் உயர மண் தாழியில் திராட்சையைத் தோலோடு நொதிக்கவைக்கும் ரோமானியர் கால முறை, விதிகேரா பக்கத்துக் கிராமங்களில் விடாமல் தொடர்கிறது. நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில் தாழியின் அடியில் துளை திறந்து எடுப்பார்கள். மார்ட்டின் நாளில் நிலவறைக்குப் போய் ஒயினை ருசி பார் என்று ஒரு பழமொழியே உண்டு. மண்வாசனையும் பிசின் வாடையும் லேசாக இருக்கும் அந்தப் புது ஒயின் எல்லாருக்கும் பிடிக்காது. எனக்கு மிகவும் பிடிக்கும்.

மறைந்த செலவு ஆல்கஹால். 14.5 சதவீதம் மிருதுவாக இறங்குவதால் எவ்வளவு குடித்தோம் என்று தெரியாது. மறுநாள் காலை தெரியும். விலை குறைந்த பாட்டில்களில் பழக்கூழ் இனிப்பு மட்டும் நின்று, சாப்பாட்டு நடுவில் சலிப்பு தட்டும். அப்படி ஆனால் லேபிளில் போர்டலெக்ரே என்று இருக்கிறதா பாருங்கள். செர்ரா டி சாவ் மமேட் மலையடிவாரம், உயரமான தோட்டங்கள். புளிப்பு அங்கே உயிரோடு இருக்கும்.

எப்போது இது சரி: பத்துப் பேர் வரும் வீட்டு விருந்து, சிவப்பு ஒயினே முதல்முறை குடிப்பவர், துவர்ப்பு பிடிக்காதவர், கையில் காசு குறைவு.

இந்த நான்கில் அடங்காதவை

மின்யோ பகுதியில் வின்யாவ் திராட்சையில் செய்யும் சிவப்பு வின்யோ வெர்டே, வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் குடிப்பது, நாவல் பழம்போல் நாக்கைக் கறையாக்கும். லிஸ்பன் பக்கம் கொலாரெஸில் கடற்கரை மணலில் விளையும் ரமிஸ்கோ, வேர்ப்பேன் என்ற பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோதும் மணலின் தயவால் தப்பித்த கொடி. இரண்டும் அருமையானவை. ஆனால் முதல் பாட்டிலாக வேண்டாம்.

இரண்டு இரண்டாக வாங்குங்கள்

முடிந்தால் ஒன்றாக வாங்காமல் இரண்டு வாங்கி, ஒரே மாலையில் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். தனியாகக் குடிக்கும்போது பிடிபடாத புளிப்பும் துவர்ப்பும் பக்கத்தில் இன்னொன்று இருந்தால் பளிச்சென்று தெரியும். முதல் வாரம் டாவும் அலென்டேஜுவும். இந்த ஜோடியில் வித்தியாசம் மிகப் பெரியது. பத்து நிமிடத்தில் உங்கள் நாக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். டாவ் பக்கம் சாய்ந்தால் அடுத்தது பைராடா. அலென்டேஜு பக்கம் சாய்ந்தால் அடுத்தது டோரு. இரண்டாவது சுற்றில் கறியில்லாமல் திறக்காதீர்கள்.

மிஞ்சியதைத் தக்கையால் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். அலென்டேஜு மறுநாளே சோர்ந்திருக்கும். டாவ் அப்படியே இருக்கும். இளம் பைராடா மறுநாள் மாலையில்தான் பெரும்பாலும் வாய் திறக்கும். அதனால் அந்தப் பாட்டிலில் மட்டும் ஒரு கோப்பை அளவு மிச்சம் வையுங்கள்.